திரை எப்போதும் கிடைக்கும், கேசட் கிடைக்காது

டிவி வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, “எத்தனை இஞ்ச்?” 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. 43 போதும் என்று கிளம்பியவரையும் 55-க்கு விலை கேட்க வைக்கும் சலுகை இது.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு. திரையின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி உட்கார வேண்டும். 43 இஞ்சுக்கு ஆறடி, 55-க்கு ஏழரை அடி. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் நெல்லை மேலப்பாளையத்தின் முன்னறைகளுக்கு 43 தாராளம். மிச்சமாகும் பணத்தை வேறொன்றில் போடச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் விஹெச்எஸ் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றுங்கள். டிவியை அடுத்த வருடமும் வாங்கலாம். கேசட்டுக்கு அந்த அவகாசம் இல்லை.

தென்மாவட்டங்களில் உயரமான ஆண்டெனா கட்டி, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் டூ-இன்-ஒன்னும் விசிஆரும் இறங்கிய காலமும் அதுதான். லீவு கிடைக்காமல் சவுதியில் இருந்த அண்ணன் தங்கையின் நிக்காஹைப் பார்த்தது கேசட்டில். பிள்ளை தவழ்வதை வாப்பா முதன்முதலில் கண்டதும் கேசட்டில்தான். ஊருக்கும் வளைகுடாவுக்கும் நடுவே ஓடிய அந்த வாழ்க்கைக்குப் பல வீடுகளில் வேறு சாட்சி கிடையாது.

அப்படி ஒரு கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் ஒட்டிய காகிதத்தில் நீலமை கலைந்திருந்தது. சின்னக் கண்ணாடி வழியே தெரிந்த கருப்பு நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அது பூஞ்சை. 180 நிமிட கேசட் ஒன்றுக்குள் சுமார் 260 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே விசிஆரில் போட்டால் நாடா ஒட்டிக் கிழியலாம். ஹெட்டும் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பாளையங்கால்வாய் ஈரமும் மழைக்கால ஓதமும் உள்ள ஊரில் பூஞ்சைக்குப் பஞ்சமில்லை.

நாடா பிழைத்தாலும் ஓட்ட மெஷின் வேண்டுமே! விசிஆர் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாப் பதிவுகளை 2025-க்குள் மாற்றிக்கொள்ளாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று யுனெஸ்கோவின் தகவல் திட்டம் 2019-லேயே எச்சரித்தது. அந்த வருடமும் கடந்துவிட்டது.

இங்கே ஒரு தயக்கமும் இருக்கிறது; அது நியாயமானது. கல்யாண கேசட்டில் பாதி, பெண்கள் பக்கத்தில் எடுத்தது. உம்மாவும் மாமியும் தலைத்துணி பற்றிய கவலையில்லாமல் சிரித்துப் பேசும் காட்சிகளை முன்பின் தெரியாத ஸ்டுடியோவில் கொடுக்க மனம் வராது. கொடுத்தால் அங்கே இன்னொரு நகல் தங்கிவிடுமோ என்ற பயம் வேறு. அதனாலேயே எத்தனையோ கேசட்டுகள் பீரோவை விட்டு இறங்குவதில்லை.

இதற்கு வழி, வீட்டிலேயே பதிவு செய்வது. ஓடுகிற பழைய விசிஆர், யூஎஸ்பி கேப்சர் கருவி, லேப்டாப் மூன்றும் போதும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை விசிஆரின் ‘அவுட்’டில் செருகிப் பிளே அழுத்தினால், மூன்று மணி நேர கேசட் மூன்று மணி நேரத்தில் ஏறும், குறுக்குவழி கிடையாது. 720-க்கு 576 புள்ளிகள் என்ற அளவில் பதியுங்கள். பழைய படம் 4:3 வடிவம். திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் அகன்றுவிடும். நல்ல தரத்தில் ஒரு கேசட் 11 ஜிபி அளவுக்கு வரும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் 80 கேசட்டாவது அடங்கும். ஒரே டிஸ்கை நம்பாதீர்கள். இன்னொன்றில் நகலெடுத்து வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் வையுங்கள். பென்டிரைவ் டிவியில் போட்டுப் பார்க்க மட்டும். அது ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. டிவி வாங்கும்போது ஏவி இன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விசிஆரை நேராக மாட்டி, எந்த கேசட்டை முதலில் காப்பாற்றுவது என்று பார்க்க அது உதவும்.

நகலை ஏன் வெளியூரில் வைக்கச் சொல்கிறேன் என்பது 2023 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்து நெல்லை ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை எல்லாம் வெள்ளக்காடானது. நனைந்த டிவிக்குப் பதில் இன்னொன்று வாங்கலாம். நனைந்த கல்யாண கேசட்டுக்கு எந்தக் கடையில் போய் நிற்பது?

இனிமேல் பதிவதற்குச் செட்டாப் பாக்ஸ் இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அதில் பதிவாகும் நிகழ்ச்சி பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டது. பெட்டி பழுதானால் பதிவும் போச்சு. டிவியின் யூஎஸ்பி ரெக்கார்டிங்கும் பெரும்பாலும் அதே டிவியில் மட்டும்தான் ஓடும். உங்கள் கையில் ஃபைலாக இருப்பதே உங்களுடையது.

எல்லாம் செல்போனில் வந்துவிட்டது, பழையதை ஏன் தோண்ட வேண்டும் என்பாரும் உண்டு. கல்யாணத்தைப் படமெடுப்பதே கூடாது என்று ஒதுங்கிய வீடுகளும் உண்டு. அது அவரவர் விருப்பம். எடுத்து வைத்தவர்கள் அழியவிடக் கூடாது என்பதே என் வாதம்.

ஒவ்வொரு வீடும் விசிஆர் தேடி அலையத் தேவையில்லை. தெருவுக்கொரு மெஷினாவது பொதுவில் இருக்கட்டும். ஜமாஅத்துகளும் மகளிர் கல்லூரிகளும் நினைத்தால் ஓர் அறை, இரண்டு விசிஆர், பயிற்சி பெற்ற நான்கு பெண்கள் என்று தொடங்கிவிடலாம். உம்மாக்கள் தங்கள் கேசட்டோடு வந்து உட்கார்ந்து, தங்கள் கண்முன்னே மாற்றி, டிஸ்கையும் கேசட்டையும் கையோடு கொண்டுபோகலாம். ஸ்டுடியோ பயம் அதோடு தீரும். இந்த மழைக்காலம் வருவதற்குள் இதை ஆரம்பிக்க வேண்டும்.