விரல் அகலத் துணியில் ஒரு போர்வை: ஸ்ட்ரிங் குயில்ட் கிளாஸில் என்ன சொல்லித் தர்றாங்க?

தைத்து முடித்த பிறகு மிச்சமாகும் விரல் அகலத் துணியை என்ன செய்வீங்க? குப்பைக்குத்தானே? அமெரிக்க குயில்ட்டிங் வகுப்புகளில் அதுக்குத் தனிப் பெயரே இருக்கு: 'ஸ்ட்ரிங்'. நீளம் இருக்கும், அகலம் இருக்காது. ஒரு முனை குறுகி மறு முனை விரிந்து இருந்தாலும் ஓகே. இப்படிப்பட்ட துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரம்தான் ஸ்ட்ரிங் பிளாக். சதுரங்களை இணைத்தால் மேல் துணி ரெடி. நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி வைத்துத் தைத்தால் குயில்ட்.

எப்படித் தைப்பது?

ஆறரை அங்குலச் சதுரமாக ஒரு மெல்லிய பேப்பர். அங்கே பலரும் பழைய டெலிபோன் டைரக்டரி பக்கத்தைக் கிழித்துக்கொள்கிறார்கள். அதன் மேல் மூலைக்கு மூலையாக ஒரு துண்டு, நல்ல பக்கம் மேலே தெரியும்படி. இரண்டாவது துண்டை அதன் மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தள்ளி பேப்பரோடு சேர்த்துத் தையல். பிறகு திருப்பிவிட்டு அயர்ன். இரண்டு பக்கமும் இப்படியே போனால் பேப்பர் மறைந்துவிடும். கடைசியில் திருப்பிப் போட்டு, பேப்பர் அளவுக்கு ஓரத்தை வெட்டினால் சதுரம் கச்சிதம்.

தையல் நெருக்கமாக இருந்தால்தான் பேப்பர் சுலபமாகக் கிழியும். ஆனா உடனே கிழிக்கக் கூடாது. துணி சாய்வாக இருப்பதால் ஓரம் இழுபடும். சதுரங்களை இணைக்கும் வரை அதைப் பிடித்து வைப்பது பேப்பர்தான்.

புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது தையலில் இல்லை, கலரில். எது எதோட மேட்ச் ஆகும்னு யோசித்தே நேரம் போயிடும். அதுக்கு ஆசிரியர்களிடம் ஒரு வழி இருக்கு: எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு, பார்க்காமல் எடுக்கச் சொல்வது. நடுத்துண்டு மட்டும் எல்லா சதுரத்திலும் ஒரே கலர். நாலு சதுரம் சேரும்போது டைமண்ட் தானா வந்து நிற்கும்.

இது ஹாபியா மட்டும் இருந்ததில்லை

அலபாமா மாகாணத்தில் ஆற்று வளைவில் இருக்கும் கறுப்பின மக்களின் ஊர் ஜீஸ் பெண்ட். 1932-ல் கடன் பாக்கிக்காக அங்கிருந்த குடும்பங்களின் கால்நடை, ஏர், தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். குளிருக்கு மிஞ்சியது கிழிந்த வேலை உடைகள். பெண்கள் அதையே போர்வையாக்கினார்கள். 1960-களில் ஓட்டுரிமை கேட்டபோது, ஆற்றைக் கடக்கும் படகுச் சேவையே நின்றுபோனது. 1966-ல் குயில்ட் தைத்து விற்க 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு தொடங்கியது.

2002-ல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் தபால்தலையிலும் வந்தன. அதே வருஷம்தான் படகும் திரும்ப ஓடியது. 44 வருஷம் கழிச்சு!

நீங்க முயற்சி செய்யப் போறீங்களா? பனியன் துணி வேண்டாம், இழுபடும், காட்டனில் ஆரம்பிங்க. பேப்பரில் தைத்தால் ஊசி சீக்கிரம் மழுங்கும், ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சுக்கோங்க.