மாடிப் புகையிரதமும் வன்னியின் தேவையும்

சிட்னி நகரின் பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில் போன்ற பகுதிகளில் குடியேறியுள்ள எமது உறவுகள் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்வது இரண்டு தட்டு மின்சாரப் புகையிரதங்களிலாகும். அவற்றின் படங்களைக் காணும்போது, இத்தகைய புகையிரதம் எமது பாதைக்கும் வராதா என்ற ஏக்கம் எழுவது இயல்பே. ஆயின், அவை எத்தேவைக்காக உருவாயின என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சிட்னியில் 1964 இல் இயந்திரமற்ற இணைப்புப் பெட்டிகளே முதலில் மாடிப்பெட்டிகளாக அறிமுகமாயின. பின்னர் மின்மோட்டார் பொருத்திய பெட்டிகளும் இரு தட்டுகளாயின. 1988 இல் தங்காரா, 2011 இல் வராத்தா என அடுத்த தலைமுறைகள் தொடர்ந்தன. பெட்டியின் இரு முனைகளிலும் சில்லுத் தொகுதிகளுக்கு மேலாக வாசல்கள் அமைய, இடைப்பகுதியின் தரை தாழ்த்தப்பட்டு மேலும் கீழும் இருக்கைகள் இடப்படுகின்றன. மேடையை நீட்டாமலே கூடுதலானோரை ஏற்றுவது இதன் பயனாகும். ஆனால் படிகளில் ஏறி இறங்க நேரம் பிடிப்பதால், நிலையங்களில் தரிக்கும் நேரம் நீள்கிறது. இதனாலேயே, 2019 இல் அதே நகரில் ஆரம்பிக்கப்பட்ட மெட்ரோ சேவைக்கு ஒற்றைத்தட்டுப் பெட்டிகள் தெரிவு செய்யப்பட்டன.

இலங்கையில் புகையிரதப் பாதை எதுவும் இன்னும் மின்மயமாக்கப்படவில்லை. இங்கு அவ்விடத்தை வகிப்பவை, தம்முள்ளேயே இயந்திரம் கொண்ட டீசல் தொடர்வண்டிகளாகும். இருமுனைகளிலும் சாரதி அறை இருப்பதால், இயந்திரத்தைக் கழற்றித் திருப்பவேண்டிய தேவை இவற்றுக்கில்லை. 1938 இல் இங்கிலாந்திலிருந்து வந்த எஸ்-1 வகை இவற்றின் முதல் தலைமுறை. ஜப்பானின் எஸ்-7 1981 இலும், எஸ்-8 1991 இலும், சீனாவின் எஸ்-9 2000 இலும், எஸ்-10 2008 இலும் வந்துசேர்ந்தன.

இவற்றுள் இறுதி மூன்று தலைமுறைகளும் நாட்டிற்கு வந்த காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதமே ஓடவில்லை. 1990 ஜூனில் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013 செப்டெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்திற்கும், 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கும் புகையிரதம் மீண்டது. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான எஸ்-13 வகைத் தொடர்வண்டி, 2019 ஜனவரி 27 முதல் 'உத்தரதேவி' என்ற பெயரில் வன்னியூடாக ஓடத் தொடங்கியது. ஒருவகையில், வன்னி மக்கள் சில தலைமுறைகளைத் தாண்டியே நவீன தொடர்வண்டியைக் கண்டனர் எனலாம்.

எனினும் வடபாதையின் பிரதான சேவைகள் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நோக்கிலேயே அமைந்துள்ளன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியைக்கும், புளியங்குளத்திலிருந்து வவுனியா வைத்தியசாலைக்கு வரும் முதியவருக்கும் வேண்டியது, காலையில் உரிய நேரத்தில் சென்று மாலையில் திரும்பும் ஒரு சிறு சேவையே. முல்லைத்தீவு நகருக்குப் புகையிரதப் பாதை இல்லை. ஆகவே, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு மாங்குளம் நிலையத்தில் பேருந்து இணைப்பு இருந்தாலன்றிப் புகையிரதம் பயன்படாது. செட்டிகுளம் மக்கள் புகையிரதத்தில் வவுனியா வருவதாயின் மதவாச்சியைச் சுற்றியே வரவேண்டும். அங்கும் இரு பாதைகளின் நேர அட்டவணைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

மாடிப்பெட்டி என்பது, நெரிசல் மிகுந்து, மேலும் வண்டிகளை விட இடமற்ற நகரங்களின் தீர்வாகும். வன்னியின் குறை இடநெருக்கடியன்று. சேவைகளின் எண்ணிக்கையும் நேரமுமே. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் விலகுவதற்கு நிலையங்களிலேயே வசதியுண்டு என்பதால் நேரத்திட்டமிடல் கடினமானது, எனினும் இயலாததன்று. இரண்டு மூன்று பெட்டிகளைக் கொண்ட சிறு டீசல் வண்டியொன்று இப்பணிக்குப் போதும்.

அடுத்த தலைமுறைத் தொடர்வண்டிகளைக் கொள்வனவு செய்யத் திட்டமிடுவோர், அவற்றுள் ஒரு சிறு தொகுதியையேனும் வன்னியின் உள்ளூர்ப் பயணிகளுக்கென ஒதுக்குவார்களாயின், கால்நூற்றாண்டு இழப்பிற்கு அதுவே பொருத்தமான ஈடாக அமையும்.