நகரும் இருக்கைக்கு எந்த மோட்டார்?

தாம்பரம், சேலையூர் வீடுகளின் மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கின்றன. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார்ப் பந்தயத் தடம் இயங்குகிறது. இவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓர் ஓட்டுநர் சிமுலேட்டர் செய்து பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. திரையும் ஸ்டியரிங்கும் கடையில் கிடைக்கும். இருக்கையை அசைக்கும் ஆக்சுவேட்டரைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வேகத்தை அறியாது. வேகம் மாறுவதை மட்டுமே அறியும். அதனால் மாற்றம் தொடங்கும் அந்த நொடியை இருக்கை சட்டென்று காட்டினால் போதும், மீதியைச் சாய்வு பார்த்துக்கொள்ளும். 10 டிகிரி பின்னால் சாய்த்தால் புவியீர்ப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முதுகை அழுத்தும். எதிரே திரையில் சாலை பாய்ந்து வருவதால், கார் சீறிக் கிளம்பியதாகவே மூளை எடுத்துக்கொள்ளும்.

1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே தன் விமானப் பயிற்சிக் கூண்டை ஆட்டினார். அவரைப் போல நாமும் கைக்குக் கிடைப்பதிலிருந்து தொடங்கலாம்: நம் பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடினால் பழைய வைப்பர் மோட்டார் கிடைக்கலாம். விலை குறைவு; கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் பல்சக்கரத்தில் இடைவெளி இருப்பதால், திசை மாறும்போதெல்லாம் இருக்கை உதறும். மருத்துவமனைக் கட்டிலை உயர்த்தும் ஆக்சுவேட்டர் பாரம் தூக்கும். ஆனால் அது மெல்ல ஏறி முடிப்பதற்குள் திரையில் கார் பள்ளத்தைத் தாண்டியிருக்கும்.

ஓரளவு செலவழிக்க முடிந்தால் சர்வோ மோட்டாரும், அதன் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூவும் சிறந்த இணை. 750 வாட் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் ஸ்க்ரூ என்றால் நொடிக்கு 250 மில்லிமீட்டர் வேகமும், சுமார் 270 கிலோ தூக்கும் வலுவும் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் வேகம் இரட்டிப்பாகும், வலு பாதியாகும். ஆளும் சட்டமும் சேர்ந்து 150 கிலோ இருந்தாலும், நான்கு மூலையிலும் ஆளுக்கொரு ஆக்சுவேட்டராகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 40 கிலோகூட வராது. பாதி வலுவே தாராளம் என்பதால் வேகத்தையே தேர்ந்தெடுங்கள்.

பால் ஸ்க்ரூவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு: கரண்ட் போனால் பாரம் அதைப் பின்னோக்கிச் சுழற்றும், இருக்கை கீழே விழும். பிரேக் உள்ள மோட்டார், இரு முனையிலும் லிமிட் சுவிட்ச், கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. ஆள் உட்காரும் முன், அதே எடைக்கு மணல் மூட்டையை ஏற்றி, ஓடும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள்.