முகம் யாருக்குச் சொந்தம்?

ஒரு சின்னஞ்சிறு காகித அட்டை. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இராது. நீளம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரு மனிதரின் முகம்; அவ்வளவுதான். 2022-ம் வருஷம் அமெரிக்காவில் இது போன்ற அட்டை ஒன்று எழுபத்திரண்டரை லட்சம் டாலருக்குக் கைமாறியது!

யார் அந்த மனிதர் என்கிறீர்களா? ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரர். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஆட்டம் பேஸ்பால். 1909-ம் ஆண்டு வாக்கில் அங்கே சிகரெட் பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சிட்ட அட்டை ஒன்றை வைத்து விற்றார்கள். பாக்கெட்டின் விறைப்புக்கு அட்டையும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படங்களைப் பொறுக்கிச் சேர்த்ததுபோல அந்த ஊர்ப் பிள்ளைகள் இவற்றைச் சேர்த்தார்கள். வாக்னர் மட்டும் தம் படத்தைப் போடக்கூடாது என்று மறுத்துவிட்டார். புகையிலை வாங்கச் சிறுவர்களைத் தூண்டக்கூடாது என்ற நல்லெண்ணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். பணம் தரவில்லை என்ற கோபம் என்று மற்றொரு சாரார். எப்படியோ, அதற்குள் கொஞ்சம் அட்டைகள் வெளியே போய்விட்டன. அதனால்தான் இந்த மவுசு.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். அத்தனை லட்சம் டாலர் கொடுத்தவருக்குச் சொந்தமானது அந்தக் காகிதம் மாத்திரமே. படம் அவருக்குச் சொந்தமல்ல! அந்த வரிசையின் காப்புரிமைக் காலம் எப்போதோ தீர்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். "நான் அதை அப்படியே புகைப்படம் எடுத்தேன், ஆகவே என் புகைப்படத்துக்குப் புதிய காப்புரிமை உண்டு" என்று யாரும் கிளம்பவும் முடியாது. பழைய ஓவியங்களின் நகல் படங்களைப் பற்றிய வழக்கு ஒன்றில், 1999-ல் நியூயார்க் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

பிற்கால அட்டைகளின் கதை வேறு. அங்கே ஒரே அட்டையில் பல பேருடைய பாத்தியதை கலந்து கிடக்கிறது. படம் எடுத்தவர், அட்டையை அச்சிட்ட கம்பெனி, சின்னத்துக்குச் சொந்தக்காரரான அணி, எல்லாவற்றுக்கும் மேலே முகத்துக்குச் சொந்தக்காரரான வீரர்!

முகத்துக்குக்கூடப் பாத்தியதையா? 1902-ல் நியூயார்க் உயர் மன்றம் இல்லை என்றே சொன்னது. ஓர் இளம்பெண்ணின் படத்தை அவளைக் கேளாமலே மாவுக் கம்பெனி ஒன்று 25,000 சுவரொட்டிகளில் போட்டுவிட்டது. அவள் வெட்கிப் படுக்கையில் விழுந்து, வழக்கும் போட்டாள், தோற்றாள். ஊரெல்லாம் எழுந்த கண்டனத்தைப் பார்த்து மறு வருஷமே சட்டசபை விழித்துக்கொண்டது. ஒருவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவர் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் வந்தது.

ஆனால் அது மானத்தைக் காக்க வந்த சட்டம். பணத்தைக் காக்க வந்தது ஐம்பது வருஷம் கழித்து, அதுவும் பபிள் கம் சண்டையில்! சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்ட காலம் அது. ஒரு கம்பெனி பேஸ்பால் வீரர்களிடம் 'எங்களுக்கு மட்டுமே' என்று எழுதி வாங்கியிருந்தது. டாப்ஸ் என்ற போட்டிக் கம்பெனியும் அதே வீரர்களின் படத்தைப் போட்டது. கோர்ட்டில் டாப்ஸ் வக்கீல் கெட்டிக்காரத்தனமாக ஒரு வாதம் செய்தார்: "வெட்கமும் மானமும் அந்தரங்க விஷயம். அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? வீரர் உங்கள்மீது வழக்குப் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவே." 1953-ல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் அதை ஏற்கவில்லை. பிரபலமானவரின் படத்துக்கு விளம்பர மதிப்பு உண்டு, அந்த மதிப்பு அவருடைய சொத்து, அதை அவர் விற்கவும் செய்யலாம் என்றார். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு புதிய உரிமை பிறந்தது.

உரிமை பிறந்தால் போதுமா, கூலி வளர வேண்டாமா? டாப்ஸ் கம்பெனி இளம் வீரர்களிடம் ஐந்து டாலரை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். பெரிய ஆட்டங்களுக்கு வந்துவிட்டால் வருஷத்துக்கு 125 டாலர். மார்வின் மில்லர் என்பவர் 1966-ல் வீரர்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற பிறகு, "இனிக் கையெழுத்துப் போடாதீர்கள்" என்றார். கம்பெனி இறங்கி வந்தது. 1968-ல் கூலி 250 டாலராகி, விற்பனையிலும் ஒரு பங்கு கிடைத்தது. ஒற்றுமை என்பது இதுதான்!

சரி, பத்திரிகையில் ஒரு அட்டையின் படத்தைப் போட்டுக் கட்டுரை எழுதினால் குற்றமா? அமெரிக்கச் சட்டம் அதற்கு 'நியாயமான உபயோகம்' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எதற்காகப் போட்டீர்கள், எடுத்துக்கொண்டது எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அசலின் வியாபாரம் கெடுமா என்று நான்கு கேள்விகள் கேட்பார்கள். 2006-ல் இசைக்குழு ஒன்றின் வரலாற்றுப் புத்தகம் பற்றிய வழக்கில், பழைய கச்சேரி சுவரொட்டிகளைச் சிறு அளவில் காலவரிசையோடு அச்சிட்டது நியாயமே என்று தீர்ப்பாயிற்று. அட்டைகளுக்கும் அது நல்ல வழிகாட்டி. வரலாறு சொல்லச் சிறிதாகப் போடுவது வேறு. அதே அட்டையைப் புதிதாக அச்சிட்டு விற்பது வேறு.

கேலிக்கும் இடம் உண்டு. பேரி பாண்ட்ஸ் என்ற வீரரை 'கஜானா பாண்ட்ஸ்' என்ற பொருள்படக் கிண்டல் செய்து ஒரு கம்பெனி அட்டைகள் தயாரித்தது. கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறாரே என்ற குத்தல். வீரர் சங்கம் சீறிப் பாய்ந்தது. முன்பு ஐந்து டாலருக்காகப் போராடிய அதே சங்கம்தான்! 1996-ல் கோர்ட்டு, கேலி பேச்சுரிமையில் சேர்ந்தது என்று கம்பெனியின் பக்கமே நின்றது. எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்திருக்கிறது. பெரியவர்களைக் கேலி செய்ய அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டுமென்றால் கேலி எங்கே பிழைக்கும்?

1998-ல் வந்த வழக்கோ மனத்தைத் தொடுவது. ஒரு வியாபாரி கடையில் அசல் அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கி, சட்டமிட்ட பலகையில் பொருத்தி, சிலவற்றில் கடிகாரமும் சேர்த்து விற்றார். விபத்தில் மாண்டுபோன கார் பந்தய வீரர் ஒருவரின் மனைவியும், ஓரல் ஹெர்ஷைசர் என்ற பேஸ்பால் வீரரும் பங்கு கேட்டு வழக்காடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு முறை விற்ற அட்டையை வாங்கியவர் மறுபடி விற்கலாம், சட்டம் போட்டும் விற்கலாம் என்றது கோர்ட்டு. கையுறை ஒன்றில் அட்டையை ஒட்டி, 'இது ஹெர்ஷைசரின் கையுறை' என்று விற்றிருந்தால் கதை மாறியிருக்கும்.

1952-ல் டாப்ஸ் வெளியிட்ட வரிசையில் மிக்கி மாண்டில் என்ற வீரரின் அட்டை உண்டு. விற்காமல் தேங்கிய அந்த வருஷத்து அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். தப்பிய மாண்டில் அட்டைகளில் ஒன்றை 1991-ல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். 2022-ல் அது ஏலத்தில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. 1995-ல் காலமான மாண்டிலின் வாரிசுகளுக்கு அதில் ஒரு காசுகூடச் சட்டப்படி சேராது.