தேய்ந்த மூட்டு மீண்டும் வளருமா?

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய சந்தை இருக்கிறது. அதற்குச் சாலை பஜார் என்று பெயர். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே பூ விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். தோவாளையிலிருந்து பூ வருகிறது. அதைக் கட்டி விற்பது அவருக்குத் தொழில். வயது 55. முப்பது வருடமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலை. இப்போது எழுந்தால் முழங்கால் வலிக்கிறது. படி இறங்கினால் உயிர் போகிறது.

ஒருநாள் ஒருவர் வந்து ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். "அம்மா, இந்த எண்ணெயைத் தடவுங்கள். தேய்ந்த மூட்டு தானாக வளர்ந்துவிடும். 3,000 ரூபாய்தான்" என்கிறார்.

அம்மா பணத்தைக் கொடுக்கலாமா? அதற்கு முன் மூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அது எலும்பு போலக் கெட்டியாக இல்லை. சதை போல மெத்தென்றும் இல்லை. மடக்கினால் மடங்குகிறது. விட்டால் நிமிர்கிறது. இதற்குக் குருத்தெலும்பு என்று பெயர்.

முழங்கால் மூட்டிலும் குருத்தெலும்பு உண்டு. இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில், அவற்றின் முனைகளை அது மூடியிருக்கிறது. சில மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் மிகவும் வழவழப்பானது. மூட்டுக்குள் முட்டையின் வெள்ளைக் கரு போன்ற ஒரு திரவமும் இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம் அல்லவா? அந்த வேலையை இந்தத் திரவம் செய்கிறது. அதனால்தான் எலும்போடு எலும்பு உரசுவதில்லை.

வயது, உடல் எடை, அடிபடுதல், கடின உழைப்பு ஆகியவற்றால் குருத்தெலும்பு தேய்கிறது. இதுவே மூட்டுத் தேய்மானம்.

ஏன் திரும்ப வளர்வதில்லை?

கையில் வெட்டுக்காயம் பட்டால் சில நாளில் ஆறிவிடுகிறது. காரணம் ரத்தம். காயத்தை ஆற்றத் தேவையானதை ரத்தம் கொண்டு வருகிறது. ஆனால் மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஆகவே அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடிவதில்லை.

வலியை உணர்த்தும் நரம்பும் அதில் இல்லை. அதனால் தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. தேய்மானம் சுற்றியுள்ள எலும்பையும் சவ்வையும் பாதிக்கும்போதுதான் வலி தெரிகிறது.

லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் இருந்தார். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வராது என்று அவர் 1743-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதன் பிறகு பல தலைமுறை மருத்துவர்கள் இதற்கு வழி தேடி வருகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி

அப்படி வழி தேடும் இடங்களில் ஒன்று திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம். 1980-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, இதைத் தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனம் ஆக்கியது. இதன் ஒரு பிரிவு பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையில் இயங்குகிறது. நம் நாட்டிலேயே செய்த இதய வால்வை உருவாக்கியது இந்த நிறுவனம்தான். 1990-இல் அது முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

குருத்தெலும்பை வளர்ப்பது பற்றியும் இங்கே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அந்த முறை எப்படிப்பட்டது?

கட்டடம் கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுவார். சாரத்தில் ஏறி நின்று சுவரை எழுப்புவார். இங்கேயும் அப்படித்தான். நுண்ணிய துளைகள் உள்ள ஒரு பொருளால் சிறிய சாரம் செய்கிறார்கள். அதில் உயிருள்ள செல்களை வைத்து வளர்க்கிறார்கள். செல்கள் பெருகிக் குருத்தெலும்பை உண்டாக்க வேண்டும். சாரம் மெல்லக் கரைந்துபோக வேண்டும். இதுதான் நோக்கம்.

சொல்வது எளிது. செய்வது கடினம். ஓடினாலும் குதித்தாலும் உடையாத குருத்தெலும்பு வேண்டும். ஆய்வுக்கூடத்திலும், பிறகு விலங்குகளிடமும், அதன் பிறகு மனிதர்களிடமும் சோதிக்க வேண்டும். இதற்குப் பல வருடம் ஆகும்.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1987-இல் இன்னொரு முறையைத் தொடங்கினார்கள். நோயாளியின் மூட்டிலிருந்தே சில செல்களை எடுத்தார்கள். வெளியே பெருக்கினார்கள். திரும்ப மூட்டுக்குள் வைத்தார்கள். நோயாளியின் செல்லை வளர்த்து வைக்கும் இந்த முறைக்கு இந்தியாவிலும் 2017-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் இது அடிபட்டு ஏற்பட்ட சிறு பள்ளத்துக்கே பொருந்தும். மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு இது உதவாது.

அப்படியானால் பூக்கார அம்மா என்ன செய்வது?

தேய்ந்த மூட்டை வளர வைக்கும் எண்ணெயோ, பொடியோ, மாத்திரையோ இன்று கிடையாது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் தேடுவதை ஒரு பாட்டில் எண்ணெய் செய்துவிடாது. எண்ணெய் தேய்த்தால் சற்று இதமாக இருக்கலாம். அவ்வளவுதான். பெயர் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கக் கூடும். வலி உடனே குறையும். ஆனால் எலும்பு பலம் இழக்கும். சர்க்கரையும் ஏறும்.

வலியைக் குறைக்க நல்ல வழிகள் உண்டு.

எடை கூடியவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது.

தொடைத் தசைக்குப் பலம் தர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். பிறகு மறு கால். இப்படிப் பத்து முறை.

தரையை விட்டு முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

மூட்டு மிகவும் கெட்டுவிட்டால், செயற்கை மூட்டு வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. 2017-இல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதனால் விலை வெகுவாகக் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றனவா? காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரம் வரை விரல்களை மடக்க முடியவில்லையா? அது முடக்குவாதமாக இருக்கலாம். இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. இளம் வயதினருக்கும் வரும். இதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. ஆரம்பத்திலேயே தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். பாட்டில் எண்ணெயை நம்பி ஆறு மாதம் கடத்தினால், இழந்ததை மீட்பது கடினம்.

ஆகவே பூக்கார அம்மா 3,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு வாங்கி, மூட்டைக் காட்டினால் போதும். குருத்தெலும்பை வளர்க்கும் நாள் வரலாம். அதுவரை இருக்கும் குருத்தெலும்பைக் காப்பது நம் கையில் இருக்கிறது.