பாதி விலையில் மாலத்தீவு!
பொன்விழாச் சலுகையில் லாபம் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?

1972-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

மாலத்தீவில் வெளிநாட்டார் சிலர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் இத்தாலி தேசத்தவர். சுமார் 22 பேர்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தங்க ஓட்டல் இல்லை. மாலே நகரில் சில வீடுகளை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில்தான் அவர்கள் தங்கினார்கள். மீன் சாப்பிட்டார்கள். நீலக் கடலில் குளித்தார்கள். வெள்ளை மணலில் படுத்துக் கிடந்தார்கள்.

"அடடா! பூலோக சொர்க்கம் இதுதான்!" என்று மகிழ்ந்தார்கள்.

அந்த 22 பேர் போட்ட பாதையில் இன்று ஆண்டுக்கு 20 லட்சம் பேர் போகிறார்கள்!

முடியாது என்றார்கள்

மாலத்தீவு நமக்குத் தூரத்து நாடு அல்ல. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கே சுமார் 600 கிலோ மீட்டர். அவ்வளவுதான்.

சுமார் 1,200 குட்டித் தீவுகள் சேர்ந்தது அந்த நாடு. எல்லாம் பவளப் பாறையால் ஆனவை. மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில் மட்டுமே. 1965-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி அது சுதந்திரம் பெற்றது.

அப்போது அவர்களுக்கு இருந்த சொத்து இரண்டு. ஒன்று மீன். மற்றொன்று தென்னை. மீனைக் காய வைத்து மாசி ஆக்குவார்கள். அதை இலங்கைக்கு விற்பார்கள். அதில்தான் பிழைப்பு நடந்தது.

1960-களில் ஐக்கிய நாட்டு நிபுணர்கள் அங்கே வந்து பார்த்தார்கள். "இங்கே உல்லாசப் பயணத் தொழில் நடக்காது. அதற்கான வசதிகள் இல்லை" என்று கை விரித்து விட்டார்கள்.

ஆனால், ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் அப்படி நினைக்கவில்லை. கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் வேலை பார்த்த அகமது நசீம் என்பவரை அவர் சந்தித்தார். இருவரும் பேசினார்கள். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் அந்த 22 பேரின் பயணம். நசீம் பிற்காலத்தில் அந்த நாட்டின் வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தார்.

குரும்பா பிறந்தது

அதே 1972-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, மாலே அருகே ஒரு தீவில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. மொத்தம் 30 அறைகள். பவளக் கல்லால் சுவர். தென்னை ஓலையால் கூரை.

விடுதிக்கு என்ன பெயர் தெரியுமா? "குரும்பா"!

நம் ஊர்க் குரும்பை நினைவுக்கு வருகிறதா? அவர்களுடைய திவேகி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க் காய். அவர்கள் படகுக்கும் பெயர் தோணிதான். கடல் பிரித்தாலும் சொல் பிரியவில்லை.

அந்த முதல் ஆண்டில் வந்த பயணிகள் 1,097 பேர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974-ல், நமது ஸ்டேட் பாங்க் அங்கே கிளை திறந்தது. அதன் பிறகு வளர்ச்சிதான்! இன்று 170-க்கும் மேற்பட்ட உல்லாச விடுதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே விடுதி. தீவு முழுவதும் அந்த விடுதிக்கே சொந்தம் போல!

பொன்விழா வந்தது

2022-ம் ஆண்டு சுற்றுலாவுக்கு 50 வயது. பொன்விழா ஆண்டு என்று கொண்டாடினார்கள்.

அதற்கு முன்புதான் பெரிய அடி விழுந்திருந்தது. கொரோனா நோய் காரணமாக 2020 மார்ச் கடைசியில் பயணிகளுக்குக் கதவு அடைபட்டது. ஜூலை 15-ந் தேதிதான் திறந்தது. 2019-ல் 17 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு, 2020-ல் வந்தவர்கள் ஐந்தரை லட்சம் பேர்தான்.

அதனால் பொன்விழாவைச் சாக்காக வைத்துப் பயணிகளைக் கூவி அழைத்தார்கள். பலன் கிடைத்தது. 2022-ல் 16 லட்சத்து 75 ஆயிரம் பேர் வந்தார்கள்.

பொன்விழா முடிந்து விட்டது. ஆனால் விழாக்கள் முடியவில்லை. 2025 ஜூலை 26-ல் சுதந்திரத்தின் 60-வது ஆண்டு விழா நடந்தது. நம் பிரதமரும் விருந்தினராகச் சென்றார். 2027 அக்டோபரில் சுற்றுலாவுக்கு 55 வயது. விழா வரும்போதெல்லாம் சலுகையும் வரும்.

சலுகை வரட்டும். வரவேற்போம். ஆனால், பையில் உள்ள பணம் நம் பணம் அல்லவா? கணக்குப் பார்த்த பிறகு கை வைப்போம்!

விழாவா? மழையா?

முதலில் ஒரு விஷயம். சலுகை எந்த மாதத்துக்கு என்று பாருங்கள்.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல வெயில் காலம். கடல் அமைதியாக இருக்கும். அப்போது கூட்டம் அதிகம். விலையும் அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக் காற்று வீசும். மழை வரும். அலை எழும்பும். அப்போது விலை தானாகவே இறங்கி விடும்.

சுதந்திர தினம் ஜூலையில் வருகிறது. குரும்பா திறந்த நாள் அக்டோபரில் வருகிறது. இரண்டும் மழைக் காலம்! ஆகவே "விழாச் சலுகை" என்பதில் பாதி, மழைக் காலத்தில் எப்போதும் கிடைக்கும் சலுகையாக இருக்கக்கூடும்.

மழைக் காலம் என்றால் நாள் முழுவதும் மழை என்று அர்த்தம் இல்லை. ஒரு நாள் கொட்டும். மறு நாள் வெயில் அடிக்கும். அதற்குத் துணிந்தவர்களுக்கு லாபம்தான். ஆனால் தெரிந்து கொண்டு போக வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவர் விளம்பரத்தைக் காட்டுகிறார்.

"இதைப் பார்த்தாயா? 400 டாலர் அறை 200 டாலருக்கு! நாலு பேரும் ஒரே அறையில் தங்கலாமாம். நாலு ராத்திரிக்கு 800 டாலர்தான்!"

மனைவி வாங்கிப் படிக்கிறார்.

"ஏங்க, 200 டாலருக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறதே, அது என்ன?"

நல்ல கேள்வி! அந்த இரண்டு குறியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதல் குறி, சேவைக் கட்டணம். அது 100-க்கு 10. ஆக 200 டாலர் 220 டாலர் ஆகிறது.

இரண்டாவது குறி, சுற்றுலா வரி. 2025 ஜூலை முதல் அது 100-க்கு 17. இந்த வரி 200-க்கு அல்ல, 220-க்குப் போடப்படுகிறது. வரி மட்டும் 37 டாலர் 40 சென்ட். ஆக ஒரு ராத்திரி வாடகை 257 டாலர் 40 சென்ட்.

நாலு ராத்திரிக்கு 1,029 டாலர் 60 சென்ட். 800 டாலர் எங்கே, இது எங்கே?

இன்னும் முடியவில்லை. "பசுமை வரி" என்று ஒன்று உண்டு. உல்லாச விடுதியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. நாலு பேருக்கு நாலு நாளைக்கு 192 டாலர்.

கூட்டிப் பாருங்கள். 1,221 டாலர் 60 சென்ட்! ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். இதில் விமானக் கட்டணம் சேரவில்லை. படகுக் கட்டணம் சேரவில்லை. சாப்பாடும் சேரவில்லை!

சாப்பாடும் சவாரியும்

ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்றோம். அங்கே பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை கிடையாது. விடுதி போடும் விலைக்குத்தான் சாப்பிட வேண்டும். அரிசி, காய்கறி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை அதிகம். எனவே சலுகையில் காலைப் பலகாரம் மட்டுமா, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

அடுத்து, விடுதிக்குப் போய்ச் சேரும் செலவு. மாலே விமான நிலையத்துக்கு அருகில் உள்ள தீவு என்றால் விசைப் படகில் போகலாம். தூரத்துத் தீவு என்றால் கடலில் இறங்கும் சிறு விமானத்தில் போக வேண்டும். போக வர ஓர் ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும். அறை வாடகையில் குறைத்த பணம் இந்த விமானத்தில் பறந்து விடும்! அந்த விமானம் பகலில்தான் பறக்கும் என்பதையும் மறவாதீர்கள். சாயங்காலம் வந்து இறங்கினால் அன்று இரவு மாலேயில் தங்கும் செலவு தனி.

டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸ், புது வருஷ இரவுகளில் பல விடுதிகளில் விருந்து கட்டாயம். வேண்டாம் என்றாலும் பணம் கட்டத்தான் வேண்டும்.

சாதாரண மக்களுக்கும் கதவு திறந்தது

"அப்படியானால் மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்கிறீர்களா?

முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் பயணிகள் தங்க முடியாதபடி தடை இருந்தது. பயணிகள் ஒரு பக்கம், ஊர் மக்கள் ஒரு பக்கம்.

2009-ம் ஆண்டு அந்தத் தடை நீங்கியது. ஊர்த் தீவுகளிலும் சிறு விடுதி நடத்தலாம் என்று அனுமதி கிடைத்தது. மாலேக்குத் தெற்கே உள்ள மாபுஷி என்ற தீவில் முதலில் இந்த விடுதிகள் எழும்பின. இன்று பல தீவுகளில் நூற்றுக்கணக்கான சிறு விடுதிகள் உள்ளன. மீன் பிடித்த குடும்பம் இன்று விருந்தினருக்கு அறை கொடுத்துச் சம்பாதிக்கிறது.

இங்கே வாடகை மிகவும் குறைவு. பசுமை வரியும் பாதிதான். 50 அறைக்கு மேற்படாத ஊர்த் தீவு விடுதியில் ஓர் ஆளுக்கு 6 டாலர். தெருவில் ஓட்டல் உண்டு. கடை உண்டு. மாலேயிலிருந்து போக அரசாங்கப் படகும் உண்டு. மெதுவாகப் போகும், ஆனால் கட்டணம் மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது.

பொன்விழாத் தள்ளுபடியை விடப் பெரிய சலுகை இதுதான். இதற்கு விழா தேவையில்லை. விளம்பரமும் தேவையில்லை.

ஆனால் ஊர்த் தீவில் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. அது இஸ்லாமிய நாடு. தெருவில் அடக்கமாக உடுத்த வேண்டும். அங்கே மது கிடையாது. வெளியிலிருந்து மது, பன்றி இறைச்சி, வழிபாட்டு விக்கிரகம் ஆகியவற்றைக் கொண்டு போகவும் கூடாது.

வரியைப் பழிக்கலாமா?

பசுமை வரியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தீவுகள் கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர்தான் உயர்ந்திருக்கின்றன. ஓர் ஆள் உயரம்கூட இல்லை! 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது 80-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உயிர் இழந்தார்கள். உலகம் சூடாகிக் கடல் உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது இவர்கள்தான். குப்பையை அகற்றவும், குடிநீர் கொடுக்கவும், சாக்கடை அமைக்கவும் அந்த வரிப் பணம் பயன்படுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

1. சொன்ன விலையில் சேவைக் கட்டணமும் வரியும் அடக்கமா?

2. பசுமை வரி அடக்கமா?

3. விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போக வரச் செலவு யாருடையது?

4. எத்தனை வேளைச் சாப்பாடு?

5. பிள்ளைகளுக்கு இலவசம் என்றால் எத்தனை வயது வரை?

6. பயணம் ரத்தானால் பணம் திரும்பி வருமா?

7. விமானச் சீட்டில் மாலத்தீவின் புறப்பாட்டு வரிகள் சேர்ந்திருக்கின்றனவா? 2024 டிசம்பர் முதல் சாதாரண வகுப்புக்கு அவை இரண்டும் சேர்ந்து ஆளுக்கு 100 டாலர்.

இந்தியர்களுக்கு விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். 90 நாள் வரை தங்கலாம். புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் பயண விவரத்தை இணையத்தில் பதிந்து விட வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குலுக்கிப் பாருங்கள்!

அவர்கள் ஊரில் குரும்பா என்றால் இளநீர். நம் ஊரில் குரும்பை என்றால் தண்ணீர் பிடிக்காத பிஞ்சு. பெயர் ஒன்று போலத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் வேறு.

விழாச் சலுகையும் அப்படித்தான். சிலவற்றில் இளநீர் இருக்கும். சிலவற்றில் வெறும் பிஞ்சுதான் இருக்கும்.

ஆகவே, வாங்கும் முன் குலுக்கிப் பாருங்கள். கணக்குச் சரியாக இருந்தால் குடும்பத்தோடு போய் வாருங்கள். பிள்ளைகள் அந்த நீலக் கடலை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள்!