நொண்டும் கோழியும் தொற்றும் நோயும்

கோழி பேசாது. காலில் வலி என்றோ, நேற்றிலிருந்து இரை எடுக்க மனமில்லை என்றோ அதனால் கூற இயலாது. மேலும், நோயைக் கூடியவரை மறைப்பதே பறவைகளின் இயல்பு. நலிந்த பறவையைப் பூனையும் பருந்தும் முதலில் குறிவைக்கும். உடன் வாழும் கோழிகளே அதனைக் கொத்தி விரட்டும். ஆகவே, ஒரு கோழி வெளிப்படையாக நொண்டத் தொடங்கினால், அதன் துன்பம் சில நாள்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டி வீட்டு முற்றத்தில் கோழிகள் மேய்வதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்று ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது எனக் கொள்வோம். முதலில் செய்ய வேண்டுவது மருந்து தேடுவதன்று. அக்கோழியைத் தனியே பிரித்து வைப்பதே. மூங்கில் சிம்புகளால் பின்னப்பட்டு, கோழிகளின் மீது கவிழ்த்து வைக்கப்படும் பெரிய கூடைக்குப் பஞ்சாரம் என்று பெயர். அதன் கீழோ, காற்றோட்டமுள்ள பெட்டியிலோ, மற்றக் கோழிகள் அணுகாத இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். நீரும் தீவனமும் தனிக் கலத்தில் இருக்கட்டும். காரணம் தெரியும்வரை அதனைத் தொற்று எனவே கருத வேண்டும். முள் குத்தியதுதான் என்று பின்னர்த் தெரிந்தால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. தொற்று என்று தெரிந்தாலோ, எஞ்சிய கோழிகள் பிழைக்க வழி கிடைக்கும்.

இனி, காலைப் பார்க்கலாம். கோழியின் இறகுகளை உடலோடு அணைத்துப் பிடித்து, உள்ளங்காலைத் திருப்பி நோக்குங்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ தைத்திருக்கலாம். விரலைச் சுற்றி நூல் இறுகியிருக்கலாம். பட்டம் விடும் பருவத்தில் தில்லி போன்ற நகரங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி. உள்ளங்கால் வீங்கி, நடுவில் கரும்பொருக்கு ஒன்று தென்பட்டால், அது காயத்தின் வழியே கிருமி புகுந்து உண்டான சீழ்ப்புண். உயரமான இடத்திலிருந்து கடினமான சிமெண்டுத் தரையில் அடிக்கடி குதிக்கும் கோழிகளுக்கு இது வருவதுண்டு. இளஞ்சூடான உப்பு நீரில் காலை ஊற வைத்துக் கழுவி, துணி சுற்றி, வைக்கோலின் மேல் விட வேண்டும். குஞ்சுகளின் விரல்கள் உட்புறமாகச் சுருண்டு, அவை கணுக்காலால் நடந்தால், உயிர்ச்சத்து பி2 குறைந்திருக்கக்கூடும்; தொடக்கத்திலேயே அச்சத்தினை அளித்தால் பெரும்பாலும் தேறும். இவையெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவன அல்ல.

காலில் காயமே இல்லை. ஆயினும் கோழி நிற்க இயலாமல், ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக நீட்டிக் கிடக்கிறது என்றால், மேரெக் நோயை ஐயுற வேண்டும். ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மேரெக், 1907ஆம் ஆண்டில் முடங்கிப்போன சேவல்களை ஆராய்ந்து இதனை விளக்கினார். இது நரம்புகளைத் தாக்கும் வைரசு நோய். இறகுகளிலிருந்து உதிரும் பொடியில் கலந்து காற்றில் பரவும். கூண்டின் தூசியில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். வந்தபின் இதற்கு மருந்தில்லை. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே தடுப்பூசி இடுவதுதான் வழி.

நம் நாட்டின் நாட்டுக்கோழிகளை அதிகமாகக் கொல்வது வேறொரு நோய். தமிழில் அதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். நூல்களில் இராணிக்கேத் நோய் என்றும் காணலாம். இந்தி பயிலும் நீங்கள், இராணிக்கேத் என்றால் அரசியின் வயல் என்று உடனே கூறிவிடுவீர்கள். அது உத்தராகண்டில் உள்ள அழகிய மலையூர். 1926இல் சாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட நோய், அடுத்த ஆண்டே இம்மலையூரில் கண்டறியப்பட்டது. பாவம், அவ்வூர் செய்த தவறு ஒன்றுமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு அண்மையிலுள்ள முக்தேசுவர் ஆய்வகத்திலேயே பின்னர் இந்நோய்க்குத் தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது.

இந்நோய் கண்ட கோழி தூங்கி வழியும். வெண்மையாகவோ பச்சையாகவோ கழியும். அலகைத் திறந்து மூச்சுத் திணறும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கால்களும் இறக்கைகளும் செயலிழக்கும். ஓரிரு நாள்களில் பல கோழிகள் மாண்டால் ஐயம் வலுப்பெறும். பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆதலால், இறந்த கோழியைச் சிறுவர்கள் தொடவே கூடாது. பெரியவர்களிடம் கூறி, அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் கூறியபின், ஆழமான குழியில் சுண்ணாம்புத்தூள் இட்டுப் புதைப்பர்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கழிச்சல் வந்துவிட்டது என்று தெரிந்ததும், எஞ்சிய கோழிகளைச் சந்தையில் விற்றுவிடுவோர் உண்டு. கோழி விற்ற காசில் பள்ளிக்கட்டணம் செலுத்தும் குடும்பத்தின் அச்சம் புரியாததன்று. எனினும், நலமாகத் தோன்றும் அக்கோழிகள் நோயையும் உடன் கொண்டு செல்கின்றன. நோய் வெளிப்படச் சில நாள்கள் ஆகும். அதற்குள் அது வேறோர் ஊரின் முற்றத்தில் இறங்கிவிடும். அங்கே இழப்பவரும் அத்தகைய ஏழையே. சந்தையிலிருந்து வாங்கிய கோழியை மூன்று வாரங்கள் தனியே வைத்துக் கவனிக்கச் சொல்வதும் இதனால்தான்.

நோயுற்ற கோழியைப் பேணுவோர், நலமான கோழிகளுக்கு முதலில் இரையிட்டுவிட்டு இறுதியிலேயே அதனிடம் செல்ல வேண்டும். செருப்பும் கைகளும் நோயைச் சுமக்கும். திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு, குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவர். எட்டு வாரம் ஆனபின் இறக்கையின் அடியில் ஊசி இடுவர். ஒரு சிறு குப்பியில் நூறு கோழிகளுக்கு மேற்பட்ட மருந்து இருக்கும். கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து, ஓரிரு மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும். நான்கு கோழி வளர்ப்பவர் தனியே வாங்கினால் எஞ்சியது வீணாகும். எனவே, தெருவார் ஒன்றுகூடி ஒரு நாளைக் குறித்துக்கொள்கின்றனர். அன்று விடியற்காலையில், எவரும் கூண்டைத் திறந்துவிடுவதில்லை.